டத்தோவின் துப்பாக்கி

சின்னத்தாயின் மீன் வேன் வருவதை ஏழாங்கட்டைத் தோட்டத்தில் முதலில் அறிவது மூக்கு. காதுக்கு அடுத்த இடம்தான். வேனின் ஹாரன் என்றைக்கோ செத்துவிட்டதால் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கெம்போங் மீனு! நண்டு! கெராங் சிப்பி!" என்று அவளே ஹாரனாகி வருவாள். காலையில் ஜெராம் படகுத்துறையில் மலாய் மீனவர்களோடு சண்டை போட்டு மீன் எடுப்பது, பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வாங்குபவர்களோடு சண்டை போட்டு அதை விற்பது. இடையில் கிடைக்கும் ஒரு மணி நேர ஓட்டத்தில் சண்டை போட ஆளில்லாமல் வேனோடு சண்டை போடுவாள்.

மீனை அமுக்கிப் பார்ப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. "அமுக்காத. அது ஏற்கெனவே செத்துதான் கெடக்கு. எத்தன தடவ கொல்லுவ?" என்பாள். பெரிய வீட்டுக்காரர், சின்ன வீட்டுக்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. தோட்டத்து மேனேஜருக்கும் அதே பேச்சு, அதே விலை.

இப்படி ஊரையே அதட்டிக்கொண்டிருந்தவள் பயந்தது ஒரே ஒரு பொருளுக்கு. அது அவளுடைய சொந்தப் பர்சுக்குள் இருந்த சிவப்பு ஐ.சி. என்ற அடையாள அட்டை.

வீட்டுக்காரர் இருசப்பனுக்கு நீல ஐ.சி. மகன் சசிகுமாருக்கு நீலம், மகள் பிரேமலாவுக்கு நீலம். நீலம் என்றால் குடிமக்கள். நடுவில் இவள் மட்டும் சிவப்பு, அதாவது இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டவள். எந்த வெளிநாடு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏழாங்கட்டைத் தோட்டத்து நடு லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்; கடல் கடந்து போனது என்றால் ஒருமுறை பினாங்குக்குப் படகில் போனதுதான். அவள் பிறந்த அன்று அவளுடைய அப்பா வேலை வாங்கும் மண்டோரிடம் போய்ச் சொன்னார். மண்டோர் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார். கிராணி தலையாட்டினார். தலையாட்டல் எந்த ஆபீசிலும் பதிவாவதில்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டில் சண்டை முற்றினால் இருசப்பன், "வெளிநாட்டுக்காரியோட எனக்கு என்னா பேச்சு?" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். அன்றைக்குக் குழம்பில் மீனின் தலை மட்டும் வரும், உடம்பு வராது. அதெல்லாம் விளையாட்டு. ஆனால் தேர்தல் நாளில் மூன்று பேரும் மை வைத்த விரலை ஆட்டிக்கொண்டு வந்து சோறு கேட்பார்களே, அப்போது அவளுக்கு வலிக்கும். வாயைத் திறக்காமல் பரிமாறுவாள். சின்னத்தாய் வாயைத் திறக்காத நாள் என்றால் அது ஒன்றுதான்.

நீல ஐ.சி.க்கு இரண்டு முறை மனுப் போட்டாயிற்று. இரண்டு முறையும் ஷா ஆலாமில் நேர்காணல். இரண்டு முறையும் மலாயில் பேசச் சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஜெராமில் மீனவர்களை மலாயில் வெளுத்து வாங்குகிறவள், மேசைக்குப் பின்னால் ஒரு ஆபீசரைக் கண்டதும் "ஆமாம் துவான், இல்லை துவான்" என்பதோடு நின்றுவிடுவாள். மூன்றாம் மனுவுக்கும் நேர்காணல் வந்திருந்தது. ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் சசிகுமார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"அம்மா, இன்டர்வியூ முடியிற வரைக்கும் யார்கிட்டயும் வம்பு வச்சுக்காதீங்க லா. போலீஸ் ரெக்கார்டுல உங்க பேரு விழுந்துச்சுன்னா அவ்ளோதான். அப்ளிகேஷன் காலி."

"நான் என்னடா வம்புக்குப் போறேன்? வம்புதான் என்னயத் தேடி வருது" என்றாள் சின்னத்தாய். அது தேடிக்கொண்டுதான் வந்தது, சாமி ரூபத்தில்.

ஏழாங்கட்டைத் தோட்டத்துக் காவல் தெய்வம் துப்பாக்கி முனி. முறுக்கு மீசை, முட்டைக் கண், பக்கத்தில் வெள்ளைக் குதிரை. மற்ற முனிகள் அரிவாள் வைத்திருக்க இவர் கையில் மட்டும் துப்பாக்கி. அதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் பன்றி வேட்டைக்குப் போன துரை ஒருவர் காட்டில் வழி தவறிவிட்டாராம், சிப்பாய் உடுப்பில் துப்பாக்கியோடு வந்த ஒருவர் அவரை லயம்வரை கொண்டுவந்து விட்டாராம், மறுநாள் துரை கோயிலைப் பார்த்து, "இவர்தான்!" என்றாராம். நான் கேள்விப்பட்டவரை இந்த வட்டாரத்தில் முனி கோயில் உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு துரை வழி தவறியிருக்கிறார். துரைமார்களுக்குத் தோட்டம் இருந்ததே ஒழிய வழி தெரிந்திருக்கவில்லை போலும்.

மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் முனியை எப்படிப் புரியவைப்பது? அதற்குத் தோட்டத்து மக்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: டத்தோ. மலாயில் டத்தோ என்றால் தாத்தா. மரத்தடியில் குடியிருக்கும் காவல் ஆவிக்கும் டத்தோ என்றுதான் பேர். ஆகவே முனியும் டத்தோ. ஆனால் அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டமும் டத்தோதான். ஒரே சொல், மூன்று ஆள். இதில் ஒரு நாள் மாட்டிக்கொள்வோம் என்று யாரும் நினைக்கவில்லை.

முனியின் பழைய மரத் துப்பாக்கியைக் கரையான் தின்றுவிட்டது. அது தின்பதற்கு முன்பும் பார்க்க உலக்கை மாதிரிதான் இருக்கும். கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியோடு வந்த சிற்பி வேலாயுதத்திடம் புதுத் துப்பாக்கி செய்யும் பொறுப்பு வந்தது. பேரிலேயே ஆயுதம் வைத்திருந்த அந்தத் தம்பி, ஜெராமில் வாடகைக் கொட்டகையில் தங்கிக்கொண்டு தினமும் சின்னத்தாயின் மீன் வேனில்தான் வேலைக்கு வருவான்.

வேலாயுதத்திடம் ஒரு குறை: செய்வதைத் திருந்தச் செய்துவிடுவான். போனில் படம் பார்த்துப் பார்த்துச் செதுக்கினான். விசை, குதிரை, தோல் வார், குழலின் நுனியில் குறி பார்க்கும் முனை, எல்லாம் வைத்து, கருப்புக்குமேல் கருப்புப் பூசி, எண்ணெய் தடவிப் பளபளக்கவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது ஊர்க்கதை. இவனுக்கு உலக்கை பிடிக்கத் துப்பாக்கியாய் முடிந்துவிட்டது.

"நல்லா இருக்காக்கா?" என்று கேட்டான், அதை வேனில் ஏற்றும்போது.

"சுடுமா தம்பி?"

"மரம்க்கா அது."

"நீ செஞ்சிருக்கிற லட்சணத்துக்கு அதுவே சுட்டாலும் சுடும்" என்றாள் சின்னத்தாய். கைலி ஒன்றால் சுற்றி, கெம்போங் பெட்டிக்கும் நண்டுப் பெட்டிக்கும் இடையில் படுக்கவைத்தாள்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு முன்னால் போலீஸ் சாலைத் தடுப்பு. இளம் போலீஸ்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேனின் பின்கதவைத் திறந்தார். மீன், மீன், நண்டு, கைலி. கைலியின் ஒரு முனையிலிருந்து கரிய குழல் ஒன்று அவருடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் இரண்டடி பின்னால் பாய்ந்தார். "யாருடையது இது?" என்று மலாயில் கத்தினார்.

உள்ளதைச் சொன்னால் உலகம் நம்பும் என்ற நம்பிக்கையில் சின்னத்தாய் தன் சந்தை மலாயில் பளிச்சென்று பதில் சொன்னாள்.

"டத்தோ பூஞ்ஞா!"

டத்தோவுடையது. அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு வேனும் மீனும் வேலாயுதமும் அவளும் போலீஸ் நிலையத்தில்தான் இறங்கினார்கள்.

நிலையத்தில் சார்ஜன் ரொஸ்லான் இருந்தார். வயிறு பெரிது, குரல் மெது. நல்ல மனிதர், ஆனால் துப்பாக்கி என்றதும் முகம் இறுகிவிட்டது. துப்பாக்கியை யாரும் தொடக்கூடாது என்று தூரத்து மேசையில் கைலியோடு வைக்கச் சொன்னார். மேலதிகாரிக்குப் போன் போட்டு, "ஆயுதம் ஒன்று, வெளிநாட்டு ஆள் ஒருவர்" என்று சொல்லிவிட்டுத்தான் விசாரணைக்கு உட்கார்ந்தார். பேச்சு முழுதும் மலாயில்தான் நடந்தது. சின்னத்தாயின் மலாயை அப்படியே எழுதினால் மலாய்க்காரர்களுக்கும் புரியாது என்பதால் தமிழிலேயே சொல்கிறேன்.

"டத்தோ எங்க இருக்காரு?"

"ஏழாங்கட்டைத் தோட்டத்துல துவான். மரத்தடியில."

"மரத்தடியிலா? டத்தோவுக்கு வீடு இல்லையா?"

"இப்பதான் எல்லாருமாச் சேந்து கட்டிக் குடுத்தோம். வெள்ளிக்கெழம குடி போறாரு."

சார்ஜன் எழுதிக்கொண்டார். "உள்நாட்டுக்காரர்தானே?"

"இந்தியாவிலேர்ந்து வந்தவரு."

பேனா நின்றது. "ஐ.சி.? பாஸ்போர்ட்டு?"

"அவருகிட்ட ஏது துவான் அதெல்லாம்?"

"வெளிநாட்டு ஆளு. கையில பேப்பர் இல்ல. துப்பாக்கி மட்டும் வச்சிருக்காரு. இந்த நாட்டுல வெளிநாட்டுக்காரங்க இஷ்டத்துக்குத் துப்பாக்கி வச்சுக்க முடியாது, தெரியுமா ஆன்ட்டி? லைசன்சாவது இருக்கா?"

"வெள்ளக்கார துரையே பாத்துட்டு ஒண்ணும் சொல்லலியே" என்றாள் சின்னத்தாய்.

"துப்பாக்கிய வச்சுக்கிட்டு என்ன செய்வாரு?"

"ராத்திரியில வெள்ளக் குதிரையில ஏறித் தோட்டத்தச் சுத்தி வருவாரு. நாங்க யாரும் குறுக்க போகமாட்டோம். போனா அடிதான்."

"சாப்பாட்டுக்கு?"

"வீட்டுக்கு வீடு நாங்கதான் குடுக்குறோம். கோழி, சுருட்டு, ஸ்டவுட்டு பீரு. குடுக்கலேன்னா கோவம் வந்துரும். போன வருசம் மறந்துட்டோம், ரெண்டு பேருக்குக் கால் ஒடிஞ்சிருச்சு."

சார்ஜன் ரொஸ்லான் பேனாவை மேசைமேல் வைத்தார். கள்ளத்தனமாக வந்த ஒரு வெளிநாட்டு டத்தோ, ஒரு தோட்டத்தையே துப்பாக்கி முனையில் மிரட்டி மாமூல் வாங்கிக் குடித்துக்கொண்டு, கட்டாதவன் காலை உடைத்துக்கொண்டிருக்கிறான். தன் ஆளுகைக்குள்! பதவி உயர்வும் இடமாற்றமும் ஒரே நேரத்தில் அவர் கண்முன் தோன்றியிருக்க வேண்டும். 

"அவரோட போன் நம்பர் குடுங்க."

"போன்லயெல்லாம் பேசமாட்டாரு. வெள்ளிக்கெழமையில யாரு மேலயாச்சும் வந்துதான் பேசுவாரு. ஒருவாட்டி எங்க வீட்டுக்காரரு மேல வந்துட்டாரு. அவரு ரெண்டு நாளு எழும்பவே இல்ல."

"போலீஸ்ல சொல்லலியா?"

"எதுக்கு? நல்லதுக்குத்தானே வந்தாரு" என்றாள் சின்னத்தாய்.

சார்ஜன் எழுந்து, இரண்டு ஜீப்பைத் தயார் செய்யச் சொன்னார். இதுவரை ஒரு சொல்லும் புரியாமல், தன் கழுத்துக்குத்தான் கயிறு என்று மட்டும் புரிந்து வெளிறிப்போயிருந்த வேலாயுதம், அப்போது போனை நீட்டினான். அதில் ஒரு படம். மீசை, முட்டைக் கண், வெள்ளைக் குதிரை, கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. வேலாயுதத்துக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல் அன்று காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்ததுதான். "டத்தோ" என்றான், படத்தைத் தொட்டு.

சார்ஜன் படத்தைப் பார்த்தார். தான் எழுதியதைப் பார்த்தார். தூரத்து மேசைக்குப் போய்க் கைலியை விலக்கித் துப்பாக்கியைத் தூக்கினார். இரும்பின் கனத்தை எதிர்பார்த்துத் தூக்கியதில் அது கூரைவரை போய்வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் நாற்காலியில் உட்காரப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வயிறு குலுங்கக் குலுங்க, "கால் ஒடிஞ்சிருச்சா!" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சின்னத்தாய்க்குக் கோபம் வந்தது. கால் உண்மையிலேயே ஒடிந்திருந்தது.

சிரித்து முடித்ததும்தான் சார்ஜனுக்கு மேலதிகாரியின் நினைவு வந்தது. ஆயுதம் என்று சொல்லியாயிற்று. இனி ஏதாவது எழுதித்தான் மூட வேண்டும்.

"ஆன்ட்டி, நெசமோ பொய்யோ, பாத்தவன் பயந்தா எனக்கு அது துப்பாக்கிதான். வேனத் தொறந்த அந்தப் போலீஸ்காரப் பையனப் பாருங்க, இன்னும் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கான். சொந்தக்காரர்னு ஒரு பேரு எழுதணும். டத்தோ பேர எழுத முடியாது, அவரு வெளிநாடு. செஞ்ச இந்தத் தம்பியும் வெளிநாடு. உங்க ஐ.சி.ய குடுங்க."

சின்னத்தாய் பர்சைத் திறந்தாள். சிவப்பைக் கண்டதும் சார்ஜன் தலையில் கைவைத்தார்.

"மூணு பேருமே வெளிநாடா?"

அந்தக் கேள்வி அவளை எங்கேயோ சுட்டுவிட்டது. இத்தனை வருடம் ஷா ஆலாம் மேசைக்கு முன்னால் ஒட்டிக்கிடந்த பேச்சு சட்டென்று பிய்த்துக்கொண்டது.

"யாரு துவான் வெளிநாடு? நான் பொறந்தது ஏழாங்கட்ட. எங்கம்மாவப் பொதச்சது ஏழாங்கட்ட. இந்த ரோட்டுல எங்கெங்க குழின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இந்தியா எப்படி இருக்கும்னு இந்தத் தம்பிகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். டத்தோவும் அப்படித்தான். அங்கேருந்து வந்தது ஒரு பிடி மண்ணு. அவரு எந்திரிச்சு நின்னது இங்க, எங்க மரத்தடியில. ரெண்டு பேருக்கும் பொறந்த பேப்பரு இல்ல, அவ்வளவுதான். பேப்பரு இல்லேன்னா பொறக்கவே இல்லியா?"

 சார்ஜன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். இதில் ஒரு சுலபமான வழி இருக்கிறது என்றார். செய்தவன் இந்தத் தம்பி, எடுத்துவந்தவனும் இவன்தான். அவள் வெறுமனே வேனில் இடம் கொடுத்தாள். அப்படிச் சொன்னால் அவள் பேரே வராது, இப்போதே போகலாம், மீன் வேறு கெட்டுக்கொண்டிருக்கிறது.

"தம்பிக்கு என்னாகும்?"

"ஆயுத விஷயத்துல வெளிநாட்டுத் தொழிலாளி பேரு வந்தா, பெர்மிட்ட ரத்து பண்ணி அனுப்பிவச்சாலும் வச்சுருவாங்க. அது என் கையில இல்ல."

சின்னத்தாய் வேலாயுதத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நகக்கண்ணெல்லாம் கருப்புச் சாயம். முனிக்கு மீசையை முறுக்கிவிட்டதற்காக இப்படி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சசிகுமாரின் குரல் அவள் காதில் கேட்டது. ஷா ஆலாம் மேசை தெரிந்தது. மை வைத்த மூன்று விரல்கள் தெரிந்தன.

"என்னுது" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க ஆன்ட்டி."

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிருவேன். எழுதுங்க துவான்."

சார்ஜன் எழுதினார். வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் அறிக்கையில் அவள் பேர் ஏறிவிட்டது. துப்பாக்கி நிலையத்திலேயே இருக்கும். கோயில் சார்பாகக் குடிமகன் ஒருவர் வந்து, சிலையின் கையோடு சிமெண்டு வைத்துப் பூசிவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் வேனைக் கழுவிக்கொண்டே சின்னத்தாய் அழுதாள். கெட்டுப்போன மீனுக்காக அழுகிறேன் என்று இருசப்பனிடம் சொன்னாள். மீனுக்கு யாரும் அவ்வளவு நேரம் அழமாட்டார்கள். அவருக்கும் அது தெரியும், தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குடிமகன் ஒருவர் வேண்டும் என்றதும் கோயில் கமிட்டி கூடியது. தினமும் ஸ்டவுட் குடித்தும் குடிமகன் ஆகாத ஆள் அந்தத் தோட்டத்தில் முனி ஒருவர்தான். மற்றபடி நீல ஐ.சி.க்குப் பஞ்சமில்லை. தலைவர் ரவீந்திரன் தொண்டையைச் செருமினார். "நான் போயிருவேன் லா. ஆனா பையனுக்கு அரசாங்க வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அப்பா பேருல துப்பாக்கின்னு இருந்தா நல்லா இருக்காது." செயலாளர் பவனேஷுக்குச் சிங்கப்பூரில் வேலை, ஆயுதம் என்று பேர் விழுந்தால் எல்லைப் பாலத்தைத் தாண்ட விடமாட்டார்கள் என்றார். அடுத்தவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இருசப்பனுக்கோ காய்ச்சல் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் இல்லை, கேட்டுப் பார்த்தால் இருந்தது.

"என்னாங்க, ஒரு கையெழுத்துதானே? நீங்க நீலந்தானே?" என்றாள் சின்னத்தாய்.

"நீலம்தான். அதுக்காகப் போலீஸ் ஸ்டேஷன்ல போயி துப்பாக்கி குடுங்கன்னு கேக்கவா முடியும்?" என்று இருசப்பன் போர்வையை இழுத்துக்கொண்டார்.

கும்பாபிஷேகம் முனியின் வெறுங்கையோடுதான் நடந்தது. துப்பாக்கிக்காகச் சுருட்டி வைத்திருந்த முட்டியில் ஒன்றுமில்லாததால், ஏதோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு கிளம்பப் போகிறவர் மாதிரி நின்றார். பிள்ளைகள் அவருக்கு முன்னால் நின்று 'புர்ர்ர்' என்று சத்தம் வேறு கொடுத்தார்கள். வேலாயுதம் வேலை முடிந்து நல்லபடியாக ஊருக்குக் கிளம்பினான். கிளம்பும்போது குனிந்து காலைத் தொட வந்தவனைச் சின்னத்தாய் தடுத்துவிட்டாள். "போதும்டா தம்பி. இனிமே எதச் செஞ்சாலும் கொஞ்சம் மோசமாவே செய்யி" என்றாள். அவன் அழுதான். அவளும் அழுதாள், இம்முறை மீன்மேல் பழி போடவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. சசிகுமார் லீவு போட்டு அம்மாவைக் காரில் கூட்டிப்போனான். வழியெல்லாம் ஒரே பாடம்தான். "போலீஸ் விஷயம் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டா, இல்லன்னு சொல்லிருங்கம்மா. கேஸ் இல்லியே, ரிப்போர்ட்டுதானே."

"சரிடா."

"இல்லன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க."

"சரின்னு சொல்லிட்டேன்ல?"

மேசைக்குப் பின்னால் முக்காடு போட்ட இளம்பெண் ஒருத்தி இருந்தாள். அவளைக் கண்டதுமே சின்னத்தாயின் நாக்கு வழக்கம்போல மேலே போய் ஒட்டிக்கொண்டது. பேர், ஆமாம். தோட்டம், ஆமாம். பிள்ளைகள், ஆமாம். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் ஏற்கெனவே ஒரு வருத்தம் தெரிந்தது. ஆமாம் என்ற ஒரே சொல்லை வைத்து மலாய் தெரியும் என்று யார்தான் எழுதுவார்கள்?

"போலீஸ் விவகாரம் ஏதாவது உண்டா, ஆன்ட்டி?"

"ஆமா" என்று வந்துவிட்டது வாயில். வழக்கத்தில் வந்த ஆமாம்தான் அது. ஆனால் வந்தது உண்மையாகப் போய்விட்டதே!

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "என்ன விவகாரம்?"

"துப்பாக்கி."

பக்கத்து மேசைக்காரரும் நிமிர்ந்தார். இனி ஒளிக்க இடமில்லை. இனி விளக்கித்தான் ஆக வேண்டும்.  சின்னத்தாய் கண்ணை மூடி, எதிரே இருப்பது ஜெராம் படகுத்துறை என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். கரையானில் தொடங்கி, வேலாயுதத்தின் போனுக்கு வந்து, சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் பாய்ந்த பாய்ச்சலை எழுந்து நின்று பாய்ந்தே காட்டினாள். டத்தோ மரத்தடியில் இருக்கிறார், ஸ்டவுட் குடிக்கிறார், காலை ஒடிக்கிறார் என்று சார்ஜனிடம் சொன்னதையெல்லாம் சார்ஜனின் குரலிலும் தன் குரலிலுமாக நடித்தாள். சந்தை மலாய்தான், இலக்கணம் ஒரு பக்கம் போனால் அவள் ஒரு பக்கம் போனாள். ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அந்தப் பெண் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்து மேசைக்காரர் தன் முன்னால் இருந்த ஆளை மறந்து நாற்காலியை இங்கே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இப்ப அந்தத் துப்பாக்கி எங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண், மூச்சு வாங்க.

"ஸ்டேஷன்லதான். ஒரு குடிமகன் வந்து கையெழுத்துப் போட்டா குடுப்பாங்க."

"உங்க தோட்டத்துல குடிமக்களே இல்லையா?"

"நெறைய பேர் இருக்காங்க" என்றாள் சின்னத்தாய். "எல்லாருக்கும் காய்ச்சல்."

பக்கத்து மேசைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு மெல்ல அவள் சிரிப்பு அடங்கியது. மேசைமேல் கிடந்த சிவப்பு அட்டையையும், பாய்ந்து காட்டியதில் கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்த சின்னத்தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆன்ட்டிக்கு மலாய் நன்றாகவே வருகிறதே" என்று சொல்லிவிட்டு, நீண்ட நேரம் எழுதினாள்.

வெளியே காத்திருந்த சசிகுமார் ஓடிவந்தான். "போலீஸ் விஷயம் கேட்டாங்களா? இல்லன்னு சொன்னீங்கள்ல?"

"கேட்டாங்க. கொஞ்சம் பேசிட்டேன்டா."

"எவ்ளோ கொஞ்சம்?"

"கெம்போங் விக்கிற அளவுக்கு" என்றாள். சசிகுமார் கார் மேல் தலையை வைத்துக்கொண்டான்.

பதில் வர வெகுகாலம் ஆயிற்று. முனிக்கு வெறுங்கையே பழகிவிட்டது. சின்னத்தாய் தினமும் வேனை நிறுத்தி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவாள், எதையும் கேட்கமாட்டாள். கேட்டு அவர் கொடுக்காவிட்டால் அவரோடும் சண்டை போட வேண்டியிருக்கும் என்ற பயம்தான். பிறகு ஒரு நாள் கூப்பிட்டார்கள். போனாள், சத்தியப் பிரமாணம் எடுத்தாள், பிறகு நீல ஐ.சி.யைக் கையில் வாங்கினாள். படத்தில் யாரையோ அதட்டப் போகிறவள் மாதிரிதான் இருந்தாள்.

வீட்டில் பிரேமலா கேக் வாங்கி வைத்திருந்தாள். இருசப்பன் புதுச் சட்டை போட்டிருந்தார். கத்தியைக் கையில் கொடுத்தால் சின்னத்தாய் வேன் சாவியைத் தேடினாள்.

"எங்கம்மா போறீங்க? கேக்க வெட்டிட்டுப் போங்க" என்றாள் பிரேமலா.

"அது கெடக்கட்டும். இது வந்ததும் மொத வேல ஒண்ணு வச்சிருந்தேன்."

சார்ஜன் ரொஸ்லான் அவளைக் கண்டதும், "டத்தோ சௌக்கியமா?" என்று சிரித்தார். அவள் நீல அட்டையை மேசைமேல் வைத்தாள். சார்ஜன் அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எழுந்து நின்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு உள்ளே போய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். கைலி அப்படியே இருந்தது. மீன் வாசம்கூடப் போகவில்லை. கையெழுத்துப் போட அவர் காட்டிய இடத்தில் சின்னத்தாய் தன் பேரை எழுத்து எழுத்தாக எழுதினாள். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. "பரவால்ல" என்றார் சார்ஜன்.

காய்ச்சல் எல்லாம் தீர்ந்த இருசப்பன்தான் கோயிலில் சிமெண்டு குழைத்தார். கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சின்னத்தாய் ஒருவரையும் கிட்டே விடவில்லை. தானே ஏணியில் ஏறி, சுருட்டிய முட்டிக்குள் துப்பாக்கியைச் செருகி, சிமெண்டை விரலால் அப்பி, வழித்து, துணியால் துடைத்துவிட்டாள். முகமும் முகமுமாக, முனியின் முட்டைக் கண்ணுக்கு நேரே அவள் கண் இருந்தது. கீழே நின்றவர்கள் ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

அவள் வேண்டிக்கொள்ளவில்லை. அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னாள்:

"இனிமே இந்தத் தோட்டத்துல வெளிநாட்டுக்காரன் நீ ஒருத்தன்தான்யா. பயப்படாத. எவனாச்சும் வந்து கேட்டா, என் பேரச் சொல்லு."